நாலரை மணி வித்தியாசம்

நாங்கள் கேம்பிரிட்ஜ் போன ஞாயிற்றுக்கிழமை, என் மச்சினன் இறந்த செய்தி எனக்குக் காலை ஆறரை மணிக்குத் தெரிந்தது. என் மனைவியிடம் அதை நான் சொன்னது பத்து ஐம்பதுக்கு. நடுவில் நாலு மணி இருபது நிமிடம். இறந்தவன் அவளுடைய ஒரே தம்பி.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம், அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு. பெங்களூரிலிருந்து நானும் மனைவியும் மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்தில் லூட்டன் என்ற ஊருக்கு வந்து நாற்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வேலை. இரண்டாம் மாடியில் வீடு, ஏறுவதற்கு முப்பத்திரண்டு படி. ஒரு ஹால், இரண்டு படுக்கையறை. சுவர்கள் அட்டை மாதிரி. இந்த அறையில் இருமினால் அந்த அறையில் இருப்பவர் திரும்பிப் படுப்பது கேட்கும். மகளுக்கு எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை பார்க்க வந்த நர்ஸ், மூன்று வாரமாக முந்தைய வாரத்தைவிட அதிகமான எண்ணையே எழுதிவிட்டுப் போனாள். இன்னும் கொஞ்சம் ஏறினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும், அதுவரை பதற்றமே கூடாது என்று மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துச் சொன்னாள். அவர் அதை ஐந்து நிமிடத்துக்குள் மகளிடமே சொல்லிவிட்டார். அவர் சுபாவம் அப்படி. அவரிடம் எந்த ரகசியமும் தங்காது.

போன் ஹாலில் இருந்தது. நான் ஹாலில் சோபாவில் படுப்பவன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"மாமா, நான்தான்." மச்சினன் மகன். பெங்களூரில் கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுபவன். "அப்பா போயிட்டாரு மாமா."

"எப்படா?"

"விடிகாலைல. நெஞ்சு அடைக்குதுன்னாரு. ஆட்டோ சந்துக்குள்ள வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." அவன் அழவில்லை; அவசரத்தில் இருந்தான். "நாலு மணிக்கு மின்மயானத்துல டைம் குடுத்திருக்காங்க. அதை உட்டா நாளைக்கு மத்தியானம்தானாம். பெரியவங்க இன்னிக்கே எடுத்துடலாம்னுட்டாங்க. அத்தைகிட்ட குடுங்க மாமா."

"தூங்குறாளே."

"எழுப்புங்க. ஒரு வார்த்தை பேசட்டும். இப்ப நான் பூத்துலேர்ந்து பேசறேன். என் செல்லுல அங்கெல்லாம் போட முடியாது, ஆனா நீங்க போட்டா வரும். நான் செல்லை அப்பா காதுகிட்ட வெக்கிறேன். ரெண்டு பேரும் ஏதோ கோவத்துல பேசாம இருந்துட்டாங்க. போறப்பவாவது அந்தக் குரலைக் கேட்டுட்டுப் போவட்டும் மாமா."

"நாலு மணிக்குள்ள கண்டிப்பா பண்ணச் சொல்றேன்" என்றேன். வைத்துவிட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் பிணத்தோடு பேசுவது வழக்கம். திட்டுவார்கள், கேள்வி கேட்பார்கள், முகத்தைப் பிடித்து ஆட்டுவார்கள். வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தவர்கள்கூட அன்றைக்கு வந்து காதருகே குனிந்து எதையோ சொல்லிவிட்டு நிமிர்வார்கள். எடுக்கும் வரைக்கும் அவர் அந்த வீட்டு ஆள்தான், காதில் விழும் என்றே நினைப்பு. எடுத்த பிறகு சொல்வதற்கு எதுவும் கிடையாது, சொன்னாலும் சேராது.

அக்காளும் தம்பியும் பேசாமல் இருந்தது இப்படி. நாங்கள் புறப்படுவதற்கு நாலு நாள் முன்பு, பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டில் சம்பந்தி வீட்டாருக்கு விருந்து வைத்தோம். மச்சினன் குடித்துவிட்டு வந்து, சம்பந்தியின் முன்னால் பந்தியிலேயே வாந்தி எடுத்தான். "இனிமே என் வாசப்படி ஏறாதே. உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள் இவள். அவன் ஏறவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்தவன் நாலு நாளும் வரவில்லை. விமான நிலையத்துக்குப் புறப்பட்ட அன்று, தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான். டாக்சி மெதுவாகத்தான் திரும்பியது. இவள் பார்த்தாள். கண்ணாடியை இறக்கவில்லை. தாய் இல்லாத அவனைத் தன் பதினாலு வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள்.

ஆறரை மணிக்கு நான் செய்த கணக்குக்கு வருகிறேன். பெங்களூரில் நாலு மணி என்றால் இங்கே என்ன மணி? வந்த நாளிலிருந்து நாலரையைக் கழித்துப் பழகியிருந்தேன். பதினொன்றரை. ஐந்து மணி நேரம் இருக்கிறது என்று முடிவு செய்தேன்.

ஆனால் அன்றைக்கு அந்தக் கணக்கு தப்பு. முதல் நாள் சாயங்காலமே மாப்பிள்ளை, "இன்னிக்கு ராத்திரியோட இங்க டைம் மாறுது மாமா, கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வைக்கணும்" என்று சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த நாலு கடிகாரத்தையும் நானே திருப்பினேன்: ஹால் கடிகாரம், அலாரம், சமையல் அடுப்பில் இருந்தது, என் கைக்கடிகாரம். மனதுக்குள் இருந்த நாலரையைத் திருப்பவில்லை. அன்று காலையிலிருந்து அது ஐந்தரை. பெங்களூரின் நாலு மணி, இங்கே பத்தரை. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன் நான். ஷிப்டுக்கு இரண்டு நிமிடம் பிந்தி வந்தவனின் அட்டையில் சிவப்பு மையால் எழுதியவன்.

அப்போதே எழுப்பியிருக்கலாம். எழுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன். அவள் கத்துவாள், மார்பில் அறைந்துகொள்வாள். அவளோ மகளோடு ஒரே கட்டிலில் படுத்திருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரியின் காதில் சாவுச் செய்தி விழக்கூடாது என்பது ஒருபக்கம், நர்ஸ் எழுதிவைத்த எண் இன்னொரு பக்கம். மாப்பிள்ளையிடம் சொன்னால் மகளிடம் சொன்ன மாதிரி. ஊர் சுற்றப் போகிற இடத்தில், கூட்டத்தில் இவளை மட்டும் தனியே கூட்டிப்போய், ஒரு போன் பூத்தில் வைத்துச் சொல்லிவிட்டு அப்படியே பேசவும் வைத்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். போன் கார்டு என் பையில் இருந்தது. பதினோரு இலக்கம் ரகசிய எண், மனப்பாடம்.

எட்டேகாலுக்குக் காரில் ஏறினோம். மகளும் மனைவியும் பின்னால். குழந்தை வந்த பிறகு எங்கே போக முடியும், கேம்பிரிட்ஜையாவது பார்த்துவிடலாம் என்று இரண்டு வாரமாக மகள் பிடிவாதம் பிடித்த பயணம் அது.

"நம்ம ஊர்லயும்தான் கேம்பிரிட்ஜ் லேஅவுட் இருக்கு. அல்சூர் பக்கம். ஒரு நாளு நடந்தே காட்டிட்டு வந்திருப்பேன்" என்றாள் மனைவி.

"அங்க எருமை நிக்கும் அத்தை, இங்க எழுநூறு எண்ணூறு வருஷத்துக் காலேஜ் நிக்குது" என்றார் மாப்பிள்ளை.

"எருமையாவது பால் குடுக்கும்."

மகள் சிரித்தாள். சிரித்தபடியே, "அம்மா, அடுத்த வாரம் தீபாவளி. மாமாவுக்குப் போன் பண்ணப் போறியா, இல்ல இன்னும் வீம்புதானா?" என்று கேட்டாள்.

முன் சீட்டில் எனக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"பண்ணணும். எத்தன நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறது? குடிகார நாய்தான். ஆனா என் நாயாச்சே" என்றாள் மனைவி. "அன்னிக்கு ஸ்டாண்டுல நின்னான் பாரு, காலர் ஒரு பக்கம் மடங்கி இருந்துச்சு. அதைக்கூடச் சரி பண்ணிக்கத் தெரியாது. தீபாவளி அன்னிக்குப் போட்டு, ஏண்டா மடையா, காலரை ஒழுங்கா மடிச்சுப் போடுடான்னு சொன்னா அழுதுடுவான்."

"இன்னிக்கே பேசேன்."

"சும்னே இரு. நாளு கெழமைன்னு ஒண்ணு இருக்கில்ல."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு ஐம்பத்திரண்டு. இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன். உண்மையில் இருந்தது அதில் ஒரு மணி குறைவு.

ஊருக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, மாடி பஸ்ஸில் உள்ளே போக வேண்டும். இறங்கியபோது ஒன்பது ஐம்பது. நான் பார்த்த முதல் தெருவில் மட்டும் நூற்றுப் பதினேழு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. தரை முழுக்க உருண்டைக் கல் பதித்த பாதை. மகள் தடுமாறாமல் இருக்க மனைவி அவளுடைய வலது கையைத் தன் இடது கையில் கோத்துக்கொண்டாள். எனக்கு அது பெரிய இடைஞ்சல். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், "இங்க வாயேன், ஒண்ணு காட்டறேன்" என்றேன்.

"இருங்க, இவ காலு வழுக்குது."

"மாப்ளைகிட்ட விட்டுட்டு வா."

"அவரு போட்டோ எடுக்கறாரு பாருங்க. உங்களுக்கு என்ன, மூத்திரம் வருதா? அவருகிட்டக் கேளுங்க, எடம் காட்டுவாரு."

நான் வற்புறுத்தவில்லை. நேரம் இருக்கிறதே.

பெரிய கல்லூரி ஒன்றுக்குள் போனோம். மகளின் வயிற்றைப் பார்த்து வாயிற்காவலர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நாலு பக்கமும் கட்டிடம், நடுவில் புல்தரை. புல்லை மிதிக்கக்கூடாது என்று நாலு மூலையிலும் பலகை. ஆசிரியர்கள் மட்டும் மிதிக்கலாமாம். மனைவி நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்து நின்று மகளின் முதுகை நீவிக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி நான் நின்றேன். கூப்பிட ஒரு சாக்கு யோசித்துக்கொண்டே கோபுர முனைகளை எண்ணினேன். கண்ணுக்குத் தெரிந்தவை இருபத்திரண்டு. மறுபடி எண்ணினால் இருபத்துமூன்று வந்தது. மூன்றாம் முறை எண்ண ஆரம்பித்தபோது, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த மாதா கோயிலில் மணி அடித்தது. அந்த மணி கால் மணிக்கு ஒரு விதமாக, அரை மணிக்கு ஒரு விதமாக அடிக்கும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அரை மணிக்கானது, எட்டு அடி. விடாமல் எண்ணினேன். பத்தரை. இன்னும் ஒரு மணி நேரம் என்று நினைத்தேன். காற்றில் குளிர் இருந்தாலும் நிம்மதியாகக்கூட இருந்தது.

பெங்களூரில் அப்போது சரியாக நாலு.

பத்தே முக்காலுக்கு மகள் சந்தைச் சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை சூடாக ஏதோ வாங்கப் போய்விட்டு வந்தார். "நாங்க ரெண்டு பேரும் இப்படிக் கொஞ்சம் நடந்துட்டு வர்றோம்" என்று சொல்லி மனைவியின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருடத்தில் தெருவில் அப்படிப் பிடித்ததில்லை. அவளுக்கு உடனே ஏதோ பட்டுவிட்டது. கூடவே வந்தாள். கோயிலுக்குப் பக்கச் சந்தில் சிவப்பு போன் பெட்டிகள் வரிசையாக இருந்தன. முதலாவதில் ரிசீவர் அறுந்திருந்தது. இரண்டாவதில் மூத்திர நாற்றம். இருவரும் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றோம். கதவு தானே மூடிக்கொண்டது.

"என்னங்க? யாருக்கு என்ன?"

"கத்தாதே. பொண்ணு அங்க இருக்கா. உன் தம்பி இன்னிக்கு விடிகாலைல தவறிட்டான்."

அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தாள், முந்தானையை எடுத்து உள்ளே திணித்துக்கொண்டாள். மூக்கால் மூச்சு விட்டாள். அந்தக் கண்ணாடிப் பெட்டி முழுவதும் அவள் மூச்சில் வெள்ளையாகிவிட்டது.

"இன்னும் எடுக்கல" என்றேன். "பையன் செல்லைக் காதுல வெக்கிறேன்னான். பேசு. நான் போட்டுத் தரேன்."

முந்தானையை எடுத்தாள். "போடுங்க" என்றாள்.

கார்டு எண், ரகசிய எண், நாட்டு எண், செல் எண் என்று நாற்பதுக்கு மேல் இலக்கங்கள். ஒன்றில்கூடத் தப்பவில்லை. ஐந்தாவது மணியில் எடுத்தான்.

"மாமா..." என்றான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். "என்ன மாமா இப்ப பண்றீங்க?"

"அத்தை பக்கத்துல இருக்கா. காதுல வை."

"உள்ள அனுப்பிட்டோம் மாமா. இருபது நிமிசம் ஆச்சு."

"நாலு மணின்னியே?"

"மணி நாலரை ஆவப்போவுது மாமா."

என் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பத்துமூன்று. அப்போதும் எனக்குப் புரியவில்லை; அவன் கடிகாரம்தான் தப்பு என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு முதல் நாள் சாயங்காலம் ஸ்டூலில் ஏறி நின்று ஹால் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பியது நினைவுக்கு வந்தது.

மனைவி கையை நீட்டியபடி நின்றாள், ரிசீவருக்காக. நான் கொடுக்கவில்லை. அவளே பிடுங்கினாள். "டேய், அப்பா காதுல வைடா" என்றாள். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "அம்மாவைப் பார்த்துக்கோ" என்றாள். வைத்துவிட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலைல. ஆறரைக்கு."

"ஆறரைக்கு" என்று திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான். கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் நாங்கள் நாலரை மணி நேரம் இருந்தோம். மகளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே. மாப்பிள்ளை தேவாலயம் காட்டினார், நூலகம் காட்டினார், பாலங்கள் காட்டினார். பெஞ்சிலிருந்து எழுந்ததும் மகள் வழக்கம்போல் கையை நீட்டினாள். மனைவி இரண்டடி பின்வாங்கினாள்.

"என்னம்மா?"

"கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மாப்ளையைப் புடிச்சிக்க."

தம்பி செத்த தீட்டு. கேட்டவுடன் தலைக்குக் குளிக்க வேண்டும். குளிக்கும்வரை பிள்ளைத்தாய்ச்சியைத் தொடக்கூடாது. இதை நான் யோசித்திருக்கவில்லை. என் திட்டத்தில் எல்லா இலக்கங்களும் இருந்தன, இது இல்லை. அன்று முழுவதும் அவள் மகளிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளியே நடந்தாள். அந்தக் கல்தரையில் மகள் ஒருமுறை இடறியபோது, இவள் கைகள் தானாக முன்னால் போய், பாதியில் நின்று, திரும்பி வந்தன. மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். மகள் அம்மாவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

ஆற்றங்கரைக்கு வந்தோம். நீளக் கம்பால் ஊன்றித் தள்ளும் தட்டைப் படகுகள், படிக்கட்டில் வரிசையாகக் கட்டியிருந்தன. மாப்பிள்ளை விலை கேட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படி இறங்கினாள். ஆறு படி. கடைசிப் படியில் குந்தி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. படகிலிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் திரும்பிப் பார்த்தது.

"அத்தை! அது கங்கை இல்ல!" என்று மாப்பிள்ளை உரக்கச் சிரித்தார்.

"அம்மா, என்னம்மா இது? சளி புடிக்கும்! எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள் மகள். குரலில் அழுகை வந்துவிட்டது.

"தலைவலிடி" என்றாள் மனைவி, தலையிலிருந்து நீர் சொட்ட. மேலே ஏறி வந்தாள். அப்போதும் மகளைத் தொடவில்லை. மூன்று கை நீர் போதுமா என்று அவளுக்கே சந்தேகம்போல. கட்டிக் கொண்டுவந்த புளிச்சாதத்தை எல்லோருக்கும் எடுத்து வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிய புடவையோடு குளியலறைக்குள் போனாள். குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டாள். நாற்பத்திரண்டு நிமிடம் தண்ணீர் ஓடியது. ஹாலில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு என் மேல என்ன கோவம்ப்பா?"

"ஒண்ணுமில்லம்மா."

"தொட மாட்டேங்குறாங்க. நான் அப்படி என்ன பண்ணிட்டேன்?"

"குளிர் ஒத்துக்கல அவளுக்கு" என்றேன். அந்த வாரம் நர்ஸ் எழுதிய எண், நாலு வாரத்தில் பெரியது.

மறுநாள் மகளும் மாப்பிள்ளையும் வெளியே போயிருந்தபோது மனைவியிடம் விளக்கினேன். தாளில் எழுதியே காட்டினேன்: முந்தின நாள் வரை நாலரை, ஞாயிறு முதல் ஐந்தரை, கடிகாரம் திருப்பியது, கழித்ததில் வந்த பிழை. பாத்திரம் துலக்கியபடி கேட்டாள். தாளைப் பார்க்கவில்லை.

"அந்த ஒரு மணி நேரத்தை எதுக்கு எனக்குச் சொல்றீங்க? ஆறரைக்கு ஏன் எழுப்பல?"

"நீ கத்தினா, பொண்ணுக்கு..."

"நேத்து கத்தினேனா?"

நான் தாளை மடித்தேன்.

"நாலரை மணி நேரம் அந்த ஊரைச் சுத்துனேன். ஒரு சொட்டு விட்டேனா? அவளுக்குத் தெரிஞ்சுதா? அதை ஆறரைக்கே பண்ணியிருக்க மாட்டேனா நானு? குளியல் ரூமுக்குள்ள போனை எடுத்துட்டுப் போயி, குசுகுசுன்னு ரெண்டு வார்த்தை பேசியிருக்க மாட்டேனா?" தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "என்னைப் பத்தி என்னதான் தெரிஞ்சு வச்சிருக்கீங்க இத்தன வருஷமா?"

அவள் எத்தனை மணிக்கு எழுவாள், எத்தனை மாத்திரை சாப்பிடுவாள், எத்தனை படி ஏறினால் நிற்பாள் என்பதெல்லாம் தெரியும்.

நவம்பர் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை. நாற்பதாம் நாள் தாண்டிய பிறகு மகளிடம் மாமா போன செய்தியைச் சொன்னோம். அவள் முதலில் கேட்டது, "அன்னிக்கு அதனாலதான் என்னைத் தொடலியாம்மா?" என்பது. ஆமாம் என்றாள் மனைவி. அதன் பிறகுதான் மாமாவுக்காக அழுதாள். மூன்று மாதமாக அந்தப் பெண் அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பிப்ரவரியில் பெங்களூர் திரும்பினோம். வந்த அன்றே, பெட்டியைத் திறக்காமல், மனைவி தம்பி வீட்டுக்குப் புறப்பட்டாள். நானும் போனேன். முன்னறையில் மச்சினனின் படம், மாலை. அவன் மனைவி, மகன், அக்கம்பக்கத்தார் என்று ஒன்பது பேர் இருந்தார்கள். மனைவி அங்கே, நாலு மாதம் கழித்து, கத்தி அழுதாள். யாரும் தடுக்கவில்லை. அவள் ஓய்ந்த பிறகு மச்சினன் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மூணேகால் வரைக்கும் செல்லைக் கையிலயே வச்சிட்டிருந்தேன் அத்தை. எல்லாரும் தூக்குடா தூக்குடாங்குறாங்க, வண்டி வந்து நிக்குது. எனக்கு மனசு கேக்கல. சும்மா செல்லை அப்பா காதுல வச்சி, அத்தை லைன்ல இருக்குப்பா, பேசுது, கேட்டுக்கோன்னு சொன்னேன். லைன்ல யாருமில்ல."

"எவ்ளோ நேரம் வச்சிருந்தே?"

"ஒரு நிமிசம் இருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மச்சினன் மனைவி டீ கொண்டுவந்தாள். எனக்குக் கொடுக்கும்போது, குறையாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்: "இங்க பன்னெண்டு மணிக்கே சேதி சொல்லிட்டான்லண்ணா? அப்புறம் ஏன் அவ்ளோ நேரம்? லைன் கெடைக்கலியா?"

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். கடிகாரத்தின் கதையைச் சொல்லியிருக்கலாம். எழுப்பவில்லை என்ற கதையையும் சொல்லியிருக்கலாம்.

"கெடைக்கல" என்றேன். "ஞாயித்துக்கெழமைல்ல. அங்க எல்லாரும் போடுவாங்க."

மனைவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஆமா, கெடைக்கல" என்றாள். "காலையிலேர்ந்து போட்டுக்கிட்டேதான் இருந்தாரு, பாவம்."

"அதானே பார்த்தேன். அண்ணா இருந்துமா இப்படி ஆவும்னு" என்றாள் மச்சினன் மனைவி. என் டம்ளரில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. அதில் மறுபடியும் ஊற்றினாள். குடித்தேன்.